டொக்டரிடம் நான் மறைத்த தூள்

புத்தளம் நகரில் எனக்கு ஒரு கண்ணாடிக் கடை. அலுமாரிக்கும் மேசைக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்போம். வெட்டிய விளிம்பைப் பளபளப்பாக்கும் வேலையை என் மனைவியின் நானா, அவளுடைய அண்ணன், பார்த்தார். எனக்கு மச்சான். ஒன்பது வருடம் கடையின் பின்னறையில் நின்றார்.

அதற்கு ஒரு இளஞ்சிவப்புத் தூள் உண்டு. தண்ணீரில் குழைத்துப் பூச வேண்டும், காய்ந்தால் பறக்கும். மாலையானால் மச்சானின் மீசையும் இமையும் அதே நிறமாகிவிடும். முகமூடி போட வேண்டும் என்று தூள் வந்த பையில் படம் போட்டிருந்தது. நான் பார்த்தேன். ஒருநாள் வாங்கிக் கொடுத்தேன். மூச்சு முட்டுகிறது என்றார். அதோடு விட்டுவிட்டேன். வேலை வேகமாக நடந்ததே, எனக்கென்ன?

இருமல் நிற்காமல் போகவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நெஞ்சுப் படத்தைப் பார்த்த டொக்டர், “என்ன தொழில் செய்றார்?” என்று கேட்டார்.

மச்சான் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். “கண்ணாடிக் கடையில விக்கிறதுக்கு நிக்கிறார்.”

“தூசு ஏதும்?”

“அப்பிடி ஒண்டுமில்ல டொக்டர்.”

கடையை மூடச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். மச்சான் என்னை ஒருதரம் பார்த்தார், பேசவில்லை. கொடுத்த மருந்தைக் குடித்துக்கொண்டு இன்னும் மூன்று மாதம் அதே அறையில் நின்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகையில் பள்ளிவாசல் படியில் நாலு எட்டு வைத்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மறுநாளே அந்தத் தூள் பையோடு அவரை டொக்டரிடம் கூட்டிப்போனேன். டொக்டர் அதிலிருந்த எழுத்தை வாசித்தார்.

“இது சீரியம். அருமண் எண்டு சொல்ற உலோகங்கள்ல ஒண்டு. தூளா உள்ள போனா நுரையீரல்ல தங்கிரும். அண்டைக்கே சொல்லியிருந்தா அண்டைக்கே வேலைய நிப்பாட்டியிருப்பன்.”

வெளியே வந்ததும் மச்சானிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“நானும் பேசாமத்தானே இருந்தன் மச்சான்,” என்றார். “கடை மூடினா எனக்கு மட்டும் வேற என்ன இருக்கு?”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது தூள் கலந்த கழிவுநீரைக் கடலோரக் களப்புக்குப் போகும் வடிகானில் விடாமல் தொட்டியில் தேக்குகிறேன். அடியில் படியும் சேற்றை எங்கே போடுவதென்று நகரசபையில் கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை. மூட்டைகள் கடைக்குப் பின்னால் கிடக்கின்றன.

மச்சான் வேலைக்கு வருவதில்லை. சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கதைக்கும்போது பாதி வசனத்தில் மூச்சு வாங்குகிறார். தூளைப் பற்றி மனைவிக்குச் சொல்லிவிட்டேன். டொக்டரிடம் அன்று நான் சொன்ன பொய்யை இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை. மச்சானும் சொல்லவில்லை.