நுணுக்குக்காட்டிப் பெட்டிக்குள் நீலம்

நுணுக்குக்காட்டிக்கு, அதுதான் மைக்குரோஸ்கோப்புக்கு, கள்ளனாலே ஆபத்தில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போய் எவன் என்ன செய்யப் போகிறான்? அதன் எதிரி ஈரம். ஒரு மாரிக்குக் கவனிக்காமல் விட்டால் வில்லைக்குள் பங்கசு, அந்தப் பூஞ்சணம், பிடித்துவிடும். பிறகு எதை வைத்துப் பார்த்தாலும் சிலந்திவலைதான் தெரியும். வவுனியாவில் நான் வேலை செய்கிற ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போய்விட்டது. பெட்டிக்குள் இருக்கிற சிலிக்கா ஜெல் போத்தலைப் பாருங்கோ, நீலமென்றால் காய்ந்திருக்கிறது, ரோசாவாகிவிட்டால் ஈரம் குடித்துவிட்டது, எடுத்துச் சூடாக்கி நீலமாக்கி வையுங்கோ என்பேன். நன்றாகத் தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் ரோசாதான்.

அவர்களை ஏசும்போதெல்லாம் எனக்குச் சின்ன மாமாவின் நினைப்பு வரும். ஏச்சு வாங்காமல் இந்த வேலையைச் செய்த மனிசன் நான் கண்டவரையில் அவர் ஒருவர்தான்.

அப்பா தர்மபுரப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளர். மாமா அம்மாவின் கடைசித் தம்பி. அம்மாதான் தூக்கி வளர்த்தவா. படிப்பை முடித்துவிட்டுச் சும்மா திரிந்தவரை அப்பா கையோடு கூட்டிக்கொண்டு போக, சம்பளமில்லாத உதவியாளராகிவிட்டார். மாதத்துக்கு ஒருமுறை ஜெல் மணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் தாச்சியில் வறுப்பார். மீன் பொரிக்கிற தாச்சியில் என்ன கோதாரியைப் போட்டு வறுக்கிறாய் என்று அம்மா கத்துவா. அம்மா கத்தினது சரிதான். அந்த நீலத்தில் நஞ்சு இருக்கிறதென்று பிறகு படித்தேன். மணிகள் சூடேறி வரும்போது மாமா அகப்பைக் காம்பால் தாச்சி விளிம்பில் மூன்று தட்டுத் தட்டுவார். ரோசா மெல்ல மெல்ல நீலமாகும். தட்டின பயத்தில்தான் நிறம் மாறுகிறது என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார். எனக்கு ஏழு வயது. மாமா சொன்னால் எதையும் நம்புவேன்.

சண்டை கிட்ட வந்து ஊரே வெளிக்கிட்டபோது, சனம் காணி உறுதியையும் தையல் மெசினையும் மண்ணுக்குள் தாட்டது. அப்பாவும் மாமாவும் பள்ளிக்கூடத்துச் சாமான்களைத் தாட்டார்கள். ஆய்வுகூடத்துக்குப் பின்னால் வேம்புக்குக் கீழே கிடங்கு வெட்டி, இரண்டு பிளாஸ்ரிக் பரல்கள். தராசு இருந்த பரலை அப்பா மூடினார். நுணுக்குக்காட்டி இருந்த பரலை மாமா மூடினார். புதிதாக வறுத்த ஜெல் போத்தலை உள்ளே வைத்து, மூடியைச் சுற்றிச் சைக்கிள் ரியூப்பை இழுத்துக் கட்டி, அதன்மேல் மெழுகுதிரியை உருக்கி ஊற்றி, சூட்டோடு சூடாகப் பெருவிரலால் அமத்திக்கொண்டே வந்தார். விரல் சுட்டு அவர் ஊதினதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். கடற்கரைப் பக்கம் பதுங்குகுழிக்குள் இருந்தபோது நான் தண்ணி தண்ணி என்று அழுதேன். அம்மா மாமாவிடம் கானைக் கொடுத்து அனுப்பினா. மாமா போனார், வரவில்லை. ஆய்வுகூடப் பூட்டுக்கு இருந்த இரண்டு திறப்புகளில் ஒன்றும் அவருடைய காற்சட்டைப் பைக்குள்ளேயே போய்விட்டது.

முகாமில் இருந்த காலம் முழுக்க அம்மா பேசவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து, பள்ளிக்கூட வேலிக்கு அங்காலே தகரக் கொட்டில் போட்டு இருந்தபோதும் பேசவில்லை. அப்பாதான் சமைத்தார், அப்பாதான் தீத்தினார். இரண்டு வாய் வாங்கினால் பெரிய விசயம். இப்படியே போனால் அம்மாவும் போய்விடுவா என்று பக்கத்து வீட்டில் கதைத்தது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து, அம்மா படுத்திருக்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன்.

கண்ணிவெடி இல்லையென்று பள்ளிக்கூட வளவை விட்ட பிறகு, அப்பா வேம்புக்குக் கீழே கிண்டினார். அம்மாவையும் கூட்டிவந்து நிழலில் ஒரு கதிரையில் இருத்தியிருந்தார். முதலில் தராசுப் பரல் வந்தது. அதற்குள் முழங்கை ஆழத்துக்குத் தண்ணி. தராசு துருப்பிடித்துப் போயிருந்தது. அடுத்தது மாமா மூடின பரல். அப்பா மெழுகில் கத்தியை வைக்காமல், அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார். பிறகு வெட்டித் திறந்தார். நான் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். போத்தல் நீலமாய்க் கிடந்தது.

இரண்டு மாரி போயிருந்தது. மாதம் ஒருக்கால் வறுக்காவிட்டால் ரோசாவாகிவிடும் என்பது எனக்குப் பாடம். ஆக, ஆரோ வறுத்திருக்கவேண்டும். வறுக்கிற ஆள் ஒருவர்தானே.

“அம்மா, நீலம். மாமா வந்து வறுத்துப்போட்டுப் போயிருக்கிறார்” என்று கத்தினேன்.

அம்மா கதிரையிலிருந்து எழும்பினா. தானாகவே நடந்து வந்தா. போத்தலைக் கையில் வாங்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தா. அப்பாவின் முகத்தைப் பார்த்தா. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அம்மா நிற்கிறதைக் கண்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அன்றிரவு அம்மா புட்டு அவித்தா.

ஆய்வுகூடத்துக்குச் சுவர் மிஞ்சியிருந்தது, கதவும் பழைய பூட்டும் மிஞ்சியிருந்தன. கூரைக்குத் தகரம் போட்டு நுணுக்குக்காட்டியை அலுமாரிக்குள் வைத்தார்கள். அதன் பிறகுதான் எனக்குப் பயம் தொடங்கியது. வியாழனில் ரோசா பிடிக்கத் தொடங்குகிற போத்தல், திங்களில் நீலமாய் இருக்கும். வில்லை துடைத்துக் கிடக்கும். அப்பாவைக் கேட்டால், நான் தொடவில்லையே என்பார். அம்மா வெள்ளிக்கிழமைகளில் புட்டும் பொரித்த மீனும் பொதி கட்டி ஆய்வுகூடத்து யன்னல் விளிம்பில் வைப்பா. காலையில் பொதி இருக்காது. அவன் ஒளிச்சுத் திரியிறான், பயம் தெளியட்டும், வருவான் என்று அம்மா சொன்னா. அவவுக்கு உடம்பு தேறியது. பின்னல் பின்னிவிட்டா, என்னை ஏசினா, எனக்கு அடியும் விழுந்தது. அவ்வளவு சந்தோசமாக ஒருத்தரும் அடி வாங்கியிருக்கமாட்டார்கள்.

ஆனாலும் வேலிக்கு இங்காலே வீடு இருக்க, மாமா ஏன் வரவில்லை? அந்த அறைக்குள் போனால் பிடரியில் ஆரோ மூச்சு விடுகிறமாதிரி இருக்கும். ஒருநாள் துணிந்து நுணுக்குக்காட்டிக்குள் கண்ணை வைத்தேன். கறுத்த மயிர் முளைத்த கண்ணொன்று உள்ளேயிருந்து மூடித் திறந்தது. வீறிட்டுக்கொண்டு ஓடினேன். அது என்னுடைய இமைதான் என்று அப்பா எவ்வளவு விளங்கப்படுத்தியும் நான் மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

மார்கழி விடுமுறை. மத்தியானம். மழை விட்டு வெயில் எறித்துக்கொண்டிருந்தது. அப்பா சந்திக்குப் போவதாகச் சொல்லிச் சைக்கிளில் வெளிக்கிட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு குருவி இல்லை. அம்மா குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தா, நான் பக்கத்தில் இருந்தேன். அப்போது கேட்டது.

டக். டக். டக்.

அம்மாவின் கை தண்ணிக்குள் அப்படியே நின்றது. எழும்பினவா நாலடி வைத்துவிட்டுக் கூரையைத் தாங்கிய கப்பைப் பிடித்துக்கொண்டா. என்னைக் கண்டால் ஓடிப்போவான், நீ சின்னப்பிள்ளை, நீ போய்ப் பார் என்று கெஞ்சினா. அம்மா என்னைக் கெஞ்சி நான் கண்டதில்லை. போனேன்.

கதவு மூடிக்கிடந்தது. சுவரில் செல் குண்டுத் துண்டு பட்ட ஓட்டை ஒன்று என் உயரத்துக்கு இருந்தது. அதுக்குள்ளால் பார்த்தேன். மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தது. அதற்கு முன்னால் ஒரு முதுகு குந்தியிருந்து எதையோ கிண்டிக்கொண்டிருந்தது. மாமா என்று கூப்பிட்டேன்; குரல் காத்தாய்த்தான் வந்தது. முதுகு திரும்பியது. அப்பா.

பக்கத்தில் அம்மாவின் சாப்பாட்டுப் பொதி பிரித்துக் கிடந்தது. அப்பாவின் விரலில் மீன் ஒட்டியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்மாவை ஏமாத்துறீங்கள் என்று அழுதேன். அப்பா கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்து என்னை உள்ளே இழுத்தார்.

“முதல் நாள் நான் ஏமாத்தேல்லைப் பிள்ளை. அது உண்மையாத்தான் நீலமாக் கிடந்தது. உன்ரை மாமா அந்தமாதிரி இறுக்கி மூடியிருக்கிறான், ரெண்டு மாரிக்கும் ஒரு சொட்டு ஈரம் போகேல்லை. அவன்ரை பெருவிரல் அடையாளம் கூட மெழுகிலை அப்பிடியே இருந்தது. அந்தப் பரலை ஒருத்தரும் திறக்கேல்லை.” அடுப்பைத் தணித்துவிட்டு, “கொம்மா எழும்பி நிக்கிறா. நான் என்னெண்டு சொல்லுறது?” என்றார்.

அப்ப ஏன் தட்டினீங்கள் என்று கேட்டேன். அப்பா கையிலிருந்த அகப்பையைப் பார்த்தார். தான் தட்டினது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

அவர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கினது ஒன்றுதான்: இதை நான் சொன்னால் அம்மா திரும்பவும் படுத்துவிடுவா, நான் திரும்பவும் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கவேண்டும். வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வரும்போதே முடிவு எடுத்துவிட்டேன். மாமாவை விட்டுக்கொடுக்கிறதில்லை.

அம்மா அதே கப்பைப் பிடித்தபடி நின்றா.

“ஆர் பிள்ளை?”

“ஒருத்தரும் இல்லை.”

“சத்தம் கேட்டதெல்லோ?”

“ஓம். கிட்டப் போகவும் கேட்டது. பூட்டிக் கிடக்கு. உள்ளுக்கு ஆளில்லை அம்மா.”

மாமா கெட்டிக்காரர், ஒருவரின் கண்ணிலும் படமாட்டார் என்று அம்மா நினைக்கவேண்டும். அதற்காகத்தான் அப்படிச் சோடித்தேன். “ஆளில்லை, சத்தம் மட்டும்” என்று அம்மா தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டா. பிறகு மெல்லக் குந்தி, விட்ட இடத்திலிருந்து அரிசியைக் களைந்தா. களைந்து முடித்து உலையில் போட்டா. படுக்கவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா பொதி கட்டவில்லை. விடிய முழுகிவிட்டு வந்து, மாமாவின் சின்னப் படத்தை எடுத்துத் துடைத்துவிட்டு, மாமாவுக்கு மாலை கட்டவேணும், நந்தியாவட்டை ஆய்ஞ்சு தா என்றா. எனக்குத் துள்ளல். பயம் தெளிந்து மாமா வரப்போகிறார், அம்மாவுக்கு எப்படியோ தகவல் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். செடியில் ஒரு மொட்டு மிச்சம் விடாமல் ஆய்ந்து கொடுத்தேன். அப்பா படலையடியில் நின்று பார்த்தார். எவ்வளவு நீளம் கட்டவேணும் என்று அம்மாவைக் கேட்டேன். அவா இரண்டு கையையும் ஒரு சாண் அகலத்துக்கு விரித்துக் காட்டினா.

“இது மாமாவின்ரை கழுத்துக்குக் காணாதே அம்மா” என்றேன்.