எதிர்த் திசையில் ஏறும் மார்த்தாள்

காவாந்தண்டலம் மார்த்தாள் உத்திரமேரூருக்குப் போக வேண்டுமென்றால் முதலில் உத்திரமேரூருக்கு முதுகைக் காட்டுவாள். காலை ஆறு மணிக்கு அரசு டவுன் பஸ் எதிர்ப்பக்கமாகக் கடைசி நிறுத்தத்துக்குப் போகும். அதில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். ஒன்பது வீடும் ஒரு புளியமரமும் உள்ள அந்தக் கடைசி ஊரில் இறங்க மாட்டாள். பஸ் திரும்பியதும் சொந்த ஊர் வழியாகவே டவுனுக்குப் போவாள். பெண்களுக்குத்தான் டிக்கெட் இலவசமாயிற்றே! நடு வழியில் ஏறினால் சீட் கிடைக்காது, அவள் முழங்காலோ நிற்க விடாது. சொந்த ஊரில் நிற்பவர்களைப் பார்த்து அவள் கையாட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் ஓட்டுக் கேட்க வந்தவள் என்றே தோன்றும்.

ஏழு மணிக்குள் அவள் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பாத்திரம் கழுவ நிற்க வேண்டும். பிந்தினால் வேறு ஆள் வைத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அப்போதுதான் தனியார் மினி பஸ் வந்தது. புது வண்டி, பாட்டு, தெருமுனையிலேயே நிறுத்தம். கண்டக்டர் ஜான்சன் "வாக்கா, ஒக்காருக்கா" என்று கூப்பிடுவான். அரசாங்கம் எதைத் தொட்டாலும் உருப்படாது என்று டீக்கடையில் பேசுகிற கட்சி நான். எனக்கு ஏக சந்தோஷம். டவுன் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்து ஜான்சன் ஊரையே அள்ளிக்கொண்டான்.

மார்த்தாளும் ஒருநாள் ஏறிப் பார்த்தாள். வழக்கப்படி எதிர்த் திசையில்தான். ஜான்சன் போவதற்கு ஒரு டிக்கெட், திரும்புவதற்கு ஒரு டிக்கெட் என்று கிழித்தான். போதாததற்குக் கடைசி நிறுத்தத்தில் ஆள் நிரம்பும்வரை வண்டி நகரவே இல்லை. அன்று ஏழேகாலுக்குப் போய், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் டவுன் பஸ் கண்டக்டர் வேதகிரி குண்டு போட்டார். "காலி வண்டி ஓட்டிக்கினு கீறோம்மா. வியாழக்கிழமை அதிகாரி வராரு. ஆள் இல்லன்னா இந்த டிரிப்பு கட்டு."

டிரிப் போனால் மார்த்தாளுக்கு வேலை போகும். அன்று சாயங்காலமே வீடு வீடாக ஏறி இறங்கினாள். "டவுன் பஸ் நின்னுச்சுன்னா ஜான்சன் சொல்றதுதான் ரேட்டு, அவன் எடுக்கறதுதான் டைமு. யோசனை பண்ணுங்கடி!" ஜான்சனின் அம்மா சிட்டம்மாள்தான் முதலில் வருகிறேன் என்றாள். பெற்ற தாயிடமே அவன் டிக்கெட் கேட்டானாம்.

வியாழக்கிழமை அதிகாரி காவாந்தண்டலத்தில் நின்று டவுன் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினார். ஒரு சீட் காலியில்லை. நாற்பத்தெட்டுப் பெண்களும் மார்த்தாள் வழியைப் பிடித்துக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பியிருந்தார்கள். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். எல்லாமே கடைசி நிறுத்தத்தில் ஏறியதாகச் சொன்னது.

"அந்த ஊர்ல இவ்ளோ பேரா?" என்றார் கம்பியைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டே.

உண்மையைச் சொன்னால் இனி எதிர்ப்பக்கம் ஏறவிட மாட்டார்கள் என்று மார்த்தாள் பயந்தாள். "பெரிய குடும்பம் சார்" என்றாள்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

டிரிப் தப்பியது. அதோடு நிற்கவில்லை. அவ்வளவு ஜனம் ஏறுகிற இடமென்று அந்த ஒன்பது வீட்டு ஊருக்குச் சிமெண்டு பெஞ்சோடு நிழற்குடையும் கட்டிவிட்டார்கள்! காவாந்தண்டலத்துக்காரர்கள் இன்னும் வெயிலில்தான் நிற்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசினேன். ஆனால் மார்த்தாள் ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம்தான், அதை அங்கே சொல்லவில்லை.

அந்த நிழற்குடையில் எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் கால் வைத்ததில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் சீட் போய்விடுமே. மினி பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, ஆள் சேரும்வரை ஜான்சன்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறான். டவுன் பஸ் திரும்பும்போது மார்த்தாள் அவனுக்கும் கையாட்டுகிறாள். பக்கத்து சீட்டிலிருந்து சிட்டம்மாள் எட்டிப் பார்த்து, "நாஷ்டா துன்னியாடா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.