ஆறட்டும் என்று காத்திருந்த இன்ஜின்

போன வாரம் என் மகனுடைய கார் கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் கொதித்துப்போய் நின்றுவிட்டது. பானெட்டைத் தூக்கியதும் குப்பென்று ஒரு வாசனை வந்தது. வெந்த ரப்பரும் துருத்தண்ணீரும் கலந்த வாசனை. அதை மோந்து எத்தனையோ காலமாயிற்று. எங்கே கசிகிறது என்று பார்க்கத் தலையை நீட்டினேன். "நீங்க சும்மா உக்காருங்கப்பா. போன் போட்டாச்சு, ஆள் வந்துகினு இருக்கான்" என்று மகன் விரட்டினான். அதுவும் சரிதான், கிழவனுக்குப் பானெட்டுக்குள் என்ன வேலை! போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தும் கண் ரோட்டைவிட்டு நகரவில்லை. ஏனென்றால் அது அதே ரோடு.

யுத்த காலத்தில் நான் திருத்தணி ஸ்டேஷன் வாசலில் வாடகைக் கார் ஓட்டினேன். ஓட்டினேன் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, பாதி நாள் தள்ளியதுதான். அதற்கு வைத்தியம் பார்த்தவன் சுலைமான், மெக்கானிக். என் வயதுதான். அவன் என்னை நைனா என்பான், நான் அவனை பாய் என்பேன். அதற்கு மேல் மரியாதை எங்களுக்குள் கிடையாது.

ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறது என்று தெரியும், எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. இன்ஜின் சூட்டில் சொட்டு கீழே விழுவதற்குள் ஆவியாகிவிடும். பாய் அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். மலைக்கு வந்து போகிறவர்கள் காரில் மறந்துவிட்டுப் போன விபூதிப் பொட்டலங்கள் எப்போதும் கிடக்கும். இன்ஜினை ஆறவைத்து, துடைத்து, குழாய், பம்பு, ரேடியேட்டர் அடி எல்லாவற்றிலும் விபூதியைத் தூவுவான். பிறகு தண்ணீரை ஊற்றிவிட்டுக் கண் கொட்டாமல் பார்ப்பான். கசிகிற இடத்தில் மட்டும் வெள்ளை நனைந்து கறுக்கும். ஒரு தடவை சவாரிக்கு வந்த அம்மாள் இதைப் பார்த்துவிட்டு, "பாய்கூட நம்ப முருகனை வேண்டிக்கினு கீறாரு பாரேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அவன் மனைவி பாத்திமா தலைப்பிரசவத்துக்காக அம்மையார்குப்பத்தில் தாய்வீட்டில் இருந்தாள். குழந்தை குறுக்கே நிற்கிறது, அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். சேதி வந்ததும் நானும் பாயும் காரை எடுத்துக்கொண்டு ஓடினோம். பாத்திமாவையும் அவள் அம்மாவையும் பின்சீட்டில் ஏற்றித் திரும்பும்போது, உச்சிவெயிலில், கே.ஜி.கண்டிகையில் வண்டி புஸ்ஸென்று ஆவி கக்கி நின்றது.

ஊர் சனம் நல்ல சனம். குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார்கள். "ஊத்துய்யா, பொம்பள துடிக்கிறா" என்று ஒருவர் கத்தினார். பாய் இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றான்.

"வேணாங்க! கொதிக்கிற இன்ஜின்ல பச்சத்தண்ணி ஊத்துனா வெடிச்சிரும். அப்புறம் வண்டியே கெடையாது."

பெட்ரோல் ரேஷன் காலம், வேறு மோட்டார் எங்கே வரும்? பஸ் சாயங்காலம்தான். மாட்டுவண்டியில் போனால் அதற்குள் பொழுதே சாய்ந்துவிடும். உள்ளே அவள் அலறுகிறாள், வெளியே இவன் இன்ஜினில் கையை வைத்து வைத்து எடுக்கிறான். ஒருமுறை பொறுக்க மாட்டாமல் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனான். அதற்கு முந்தின வருஷம் அப்படித் திறந்துதான் முன்கை வெந்துபோனது. களிம்பு பூசியவள் பாத்திமா. அந்த வலியிலும் அவள் உள்ளேயிருந்து சொன்னாள்:

"ஆறட்டுங்க... கைய சுட்டுக்காதீங்க."

கையை எடுத்துக்கொண்டான். அப்படி ஒரு பெண்ணய்யா அவள்!

ஒருவழியாக ஆறியது. பாய் விபூதியைத் தூவினான். அவசரத்தில் பாதி தரையில் கொட்டியது. சுற்றி நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அன்று அவன் சிரிக்கவில்லை, உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டேயிருந்தது. தண்ணீர் ஊற்றியதும் கீழ்க்குழாயில் வெள்ளை கறுத்தது. ரப்பர் வெடித்திருந்த இடத்தில் துணி சோப்பை அப்பி, கட்டியிருந்த கைலியில் ஒரு பட்டை கிழித்துச் சுற்றி, கம்பியால் முறுக்கினான். அரக்கோணம் வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஆனால் பாத்திமா பிழைக்கவில்லை. வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்று ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். பாவி மனுஷன், வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

பாய் அழவில்லை. அடக்கமெல்லாம் முடிந்தபிறகு என்னிடம் கேட்டான்: "உடனே ஊத்தியிருந்தா போய்ச் சேர்ந்திருப்பமா நைனா?"

"வெடிச்சிருக்கும் பாய். அங்கியே நின்னுகினு இருந்திருப்போம்."

தலையை ஆட்டினான். மறுநாளும் அதையே கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். பானெட் திறப்பதையே விட்டுவிட்டான். ஒருநாள் அரக்கோணத்தில் ரயில் ஏறினான் என்றார்கள். பம்பாய் என்றார் ஒருவர், பெங்களூர் என்றார் இன்னொருவர். எந்த ஊரிலும் நான் அவனைப் பார்க்கவில்லை.

மகனுடைய காருக்குக் கம்பெனி ஆள் வந்து புதுக்குழாய் மாட்டினான். ரோடு அகலமாகிவிட்டது, குடம் தூக்கிவர யாருமில்லை, தேவையுமில்லை. அந்த ஆளிடம் போய்க் கேட்டேன்: "தம்பி, கொதிக்கிற இன்ஜின்ல உடனே பச்சத்தண்ணி ஊத்தியிருந்தா?"

"அய்யோ பெரியவரே, வெடிச்சிருக்கும்" என்றான்.

அதைத்தானே நானும் சொன்னேன். பாய் நம்பவில்லை. இன்னொரு தடவை சொல்லலாமென்றால், ஆள் இல்லை.