ஜூன் மாதத் தாளில் இருந்த தோட்டம்

போன வருஷம் ஜூன் மாதம், இங்கிலாந்தில் கென்ட் என்ற மாவட்டத்தில், ஒரு பழைய பிரபு வீட்டுத் தோட்டத்தில் நடந்தது இது. கொழும்பு வெள்ளவத்தையில் ஃபிளாட் பல்கனியில் மூன்று பூச்சாடி வைத்திருக்கிற எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை எனக்கில்லை, என் வீட்டுக்காரருக்கு.

அவர் கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பனியில் கிளாக்கராக இருந்தவர். ஒரு வருஷம் கம்பனியில் கலண்டர் கொடுத்தார்கள். பன்னிரண்டு தாளிலும் கென்ட் பக்கத்துப் பெரிய வீடுகளும் தோட்டங்களும். வருஷம் முடிந்தும் அவர் அதைக் கழற்றவில்லை. ஜூன் மாதத் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, செங்கல் மதிலுக்குள் வெள்ளைப் பூவாகப் பூத்த ஒரு தோட்டத்தைப் பார்த்தபடியே தேத்தண்ணி குடிப்பார். அந்தக் கலண்டரைப் பார்த்து நான் இரண்டு ஏகாதசியைத் தவறவிட்டிருக்கிறேன்.

மகள் கென்டில்தான் குடியிருக்கிறாள். ஐந்து வருஷத்துக்கு முன் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். அவர் அன்றைக்கே சப்பாத்தை எடுத்துப் பொலிஷ் போட்டார். வீட்டில் சொந்தக்காரர் நிறைந்திருந்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காதே.

"பூப் பாக்க பிளேன் ஏறிப் போற ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன். பஸ்ஸில ஏறினால் விகாரமகாதேவிப் பூங்கா. அங்க பூக்கிறதும் பூதானே" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த நாள் மகளுக்கு போன் எடுத்து, "முழங்கால் நோகுது பிள்ளை, பிறகு பாப்பம்" என்றார். தினமும் பாமன்கடைச் சந்தி வரை நடந்து மரக்கறி வாங்கி வருகிற மனுஷனுக்கு முழங்காலில் ஒரு நோவும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம்தான் இருந்தார்.

இரண்டாம் வருஷத் திவசத்தை மகன் வெள்ளவத்தையில் ஐயரை வைத்துச் செய்தான். நான் அவருடைய படத்தை ஹான்ட்பாக்கில் வைத்துக்கொண்டு மகளிடம் போய்விட்டேன். அன்றைக்கு அவரை அந்தத் தோட்டத்தில் வைத்து ஒரு பூ வைத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு.

கலண்டரில் இருந்த அதே செங்கல் மதில். அதே வெள்ளை ரோசாக்கள். மகள் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"அம்மா, இஞ்ச ஒண்டையும் தொடக் கூடாது. போர்டில எழுதியிருக்கு."

"அதை வாசிக்கத் தெரிஞ்சால் நான் ஏன் உன்னைக் கூட்டிக்கொண்டு வாறன்?"

அவள் தேத்தண்ணி வாங்கப் போனதும் அங்கே உட்காரப் போட்டிருந்த மர வாங்கில் படத்தைச் சாத்தி வைத்தேன். கீழே பூக்கள் எத்தனையோ விழுந்து கிடந்தன. ஆனால் விழுந்த பூவைச் சாமிக்கும் வைப்பதில்லை, படத்துக்கும் வைப்பதில்லை. வெள்ளவத்தையில் காலையில் பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் எட்டி நந்தியாவட்டை பறிக்கிற பழக்கம் கைக்கு உண்டு. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒன்றை முறித்தேன்.

பின்னால் தள்ளுவண்டிச் சத்தம். தோட்டக்காரர். என் வயசிருக்கும், உயரம் என்னைப் போல் இரண்டு. அவர் சொன்னதில் 'நோ' மட்டும் விளங்கியது. கையும் பூவுமாக நின்ற நான், தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஹஸ்பண்ட். டெட். டுடே."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். இன்றைக்குத்தான் செத்தார் என்று நினைத்துவிட்டார் போல. திருத்த எனக்கு இங்கிலீஷ் காணாது. பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் நினைத்ததும் பெரிய பிழை இல்லை.

இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்தார். தானே மூன்று ரோசா வெட்டி, முள்ளை ஒவ்வொன்றாக நீக்கி, என் கையில் தந்தார். நான் படத்துக்கு முன்னால் வைத்தேன். அவர் படத்தைக் காட்டி, "நேம்?" என்று கேட்டார்.

கலியாணம் முடித்து நாற்பத்தாறு வருஷம். அந்தப் பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. எங்களில் பெண்சாதி சொல்வதில்லை. "இஞ்சேருங்கோ" என்றால் அவர் திரும்புவார். பாங்க், கந்தோர்களில் பெயர் கேட்டால் பிள்ளைகள் சொல்வார்கள். திரும்பிப் பார்த்தேன். மகள் தூரத்தில் வரிசையில் நின்றாள்.

சொன்னேன்.

அவர் அதைப் பிழையாகச் சொன்னார். திருத்துவதற்காக மறுபடி சொன்னேன். மூன்றாவது தரமும் சொன்னேன். அவர் சரியாகச் சொல்லும் மட்டும் விடவில்லை நான். சரியாகச் சொன்ன பிறகு அவர் படத்துக்குத் தலை குனிந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

தேத்தண்ணியோடு வந்த மகள் ரோசாக்களைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"அந்தாளோட என்னம்மா கதைச்சனீங்கள்?"

"அப்பாவைக் காட்டினனான்" என்றேன்.

இப்போது தினமும் படத்துக்குப் பூ வைத்துவிட்டு அந்தப் பெயரை ஒரு தரம் சொல்கிறேன். அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால் பகிடி விட்ட வாயால், பெயர் வேண்டாம், "இஞ்சேருங்கோ, போவம்" என்று மட்டும் சொல்லியிருந்தால், பொலிஷ் போட்ட சப்பாத்தோடு எனக்கு முன்னால் வாசலில் நின்றிருப்பார்.