'எங்கை' என்று கேட்ட காலை

பெற்றோல் மணமும் அரைத்த சந்தன மணமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் நான் இன்றைக்கும் மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிடுவேன். மற்றவர்களுக்கு அது ஏதோ திருவிழா நாளின் மணமாக இருக்கலாம். எனக்கோ அது யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், புளியங்கூடலில் எங்கள் வீட்டு முற்றம், காலை ஏழு மணி, அப்பா மோட்டார் சைக்கிளை உதைக்கத் தொடங்குகிறார், நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று எத்தனை உதை என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா நயினாதீவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலுக்குக் குருக்கள். சண்டை முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது, எனக்கு ஒன்பது வயது. வீட்டிலிருந்து வேலணைக்குப் போய், அங்கிருந்து புங்குடுதீவுக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டி, குறிகாட்டுவான் துறையில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் படகேறினால்தான் அன்றைக்குப் பிள்ளையாருக்குப் பூசை. வேட்டியை மடித்துக் கட்டி, சந்தனமும் பூவும் வைத்த பையை 'ஹாண்டிலில்' கொழுவி, குடுமிக்கு மேல் தலைக்கவசத்தை அமுக்கிக்கொண்டு அவர் போவதைப் பார்த்தால் ஊரில் சிரிக்காதவர்கள் இல்லை. குடுமி இடம் கொடுக்காததால் தலைக்கவசம் எப்போதும் ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டே நிற்கும். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

ஏனென்றால் எனக்கு அந்தப் பாலத்தைத் தெரியும். வைகாசி பிறந்தால் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று தொடங்கிவிடும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் கரை உடைந்த ஒடுக்கமான வீதி, காற்று பக்கவாட்டில் வந்து தள்ளும். மோட்டார் சைக்கிளைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் சாய்த்தபடியேதான் ஓட வேண்டும் என்றும், எதிரே ஒரு 'வான்' வந்து காற்றை மறைத்தால் சைக்கிள் திடீரென்று அந்தப் பக்கமே விழப்பார்க்கும், அந்தக் கணத்தில் நிமிர்த்தாவிட்டால் அவ்வளவுதான் என்றும் அப்பாவே ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி நிமிர்த்தாமல் விட்ட ஒரு மீன் வியாபாரி பெட்டியோடு கடலுக்குள் போய்த் தோளெலும்பை உடைத்துக்கொண்ட கதையும் அன்றைக்கு வந்தது. "காணும், நிப்பாட்டுங்கோ, பிள்ளை கேக்குது" என்றார் அம்மா. பிள்ளை எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தது.

உதைகளை எண்ணத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அப்பாவின் மனம் ஒழுங்காக இருக்கும் நாளில் முதலில் இருக்கையைத் துடைப்பார், குனிந்து பெற்றோல் குழாயின் திருகைத் திறப்பார், இரண்டாவது உதைக்கு அது இருமிக்கொண்டு எழும்பிவிடும். கோபத்தில் இருக்கும் நாளில் திருகைத் திறக்க மறந்துபோவார். அது தெரியாமல் ஏழு, எட்டு, ஒன்பது என்று உதைத்து, வேர்த்து ஒழுகி, பிறகு திருகைக் கண்டு அதற்கும் சேர்த்துக் கோபப்படுவார். ஐந்தைத் தாண்டினால் அன்றைய நாள் எனக்கு முடிந்தது. அன்று பின்னேரம் அந்தச் சத்தம் ஒழுங்கைக்குள் திரும்பக் கேட்கும்வரை பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் அப்படியொரு பயந்தாங்கொள்ளி.

அந்தச் சோழகத்தில் உதைகள் கூடிக்கொண்டே போயின. சுவிஸில் ஒரு கோயிலுக்கு ஐயர் தேவை என்று அம்மாவின் தமையன் அங்கிருந்து சொல்லியனுப்பியிருந்தார். அம்மாவுக்குப் போக விருப்பம், அப்பாவுக்குத் துளியும் இல்லை. இரவில் சமாதானமாகப் படுப்பார்கள், விடிந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். ஒருநாள் காலை அம்மா தேத்தண்ணியை மேசையில் டக்கென்று வைத்துவிட்டு, "உங்களுக்குப் பிள்ளையார், எனக்குப் பிள்ளை. அவ்வளவுதான் கதை" என்றார். "அப்ப நான் ஆர் உமக்கு?" என்று அப்பா கேட்டுவிட்டு, தேத்தண்ணியைத் தொடாமல் பையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன் என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்லிப் புறப்படுவது. அன்றைக்கு அவர் "போறன்" என்றார். போகிறேன், அவ்வளவுதான், வருவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அம்மாவுக்கும் கேட்டிருக்கும், ஆனால் வீம்பில் திரும்பவில்லை.

நான் எண்ணினேன். ஒன்பது, பத்து. பதினொன்றில் திருகைத் திறந்தார். பன்னிரண்டாவதில் சைக்கிள் கத்திக்கொண்டு எழும்பியது. தென்னோலைகள் எல்லாம் ஒரே பக்கம் வாரிவிட்டதுபோல் நின்றன, அத்தனை காற்று. இவர் இப்படியே பாலத்துக்குப் போனால் வரமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மறிக்கவேண்டும், ஆனால் அப்பாவின் முன்னால் போய் "போகாதேங்கோ" என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, சொன்னாலும் அவர் கேட்கப்போவதில்லை.

எங்கள் ஊர்களில் புறப்பட்டு வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் போன காரியம் கெட்டுவிடும். அறியவேண்டுமென்றால் "தூரவோ?" என்று மெல்லக் கேட்பார்கள், விருப்பமிருந்தால் மற்றவர் சொல்வார். தவறி யாராவது "எங்கை" என்று கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வீட்டுக்குள் வந்து, கதிரையில் உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடவேண்டும். அதுவும் பூசைக்குப் போகிற குருக்களிடம், அவருடைய சொந்த மகள் கேட்பதென்றால் அதைவிட மூதேவித்தனம் வேறில்லை. அதனால்தான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

வாசல் படலைவரை ஓடினேன். அவர் 'கியர்' மாற்றக் காலைத் தூக்கிய நேரம், இருந்த குரலையெல்லாம் சேர்த்து, "அப்பா! எங்கை போறியள்?" என்று கத்தினேன்.

அடுத்த கணம் ஓடிவந்த அம்மா என் தொடையில் நுள்ளிய நுள்ளு இருக்கிறதே, இரண்டு நாளைக்கு நீலமாக நின்றது. "சனியன்! ஒன்பது வயசாகுது, இது தெரியாதோ உனக்கு?" நான் அழவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தபடி, இயந்திரம் ஓட ஓட, வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பிறகு சாவித் திறப்பைத் திருகி இயந்திரத்தை நிறுத்தினார். தலைக்கவசத்தைக் கழற்றினார். உள்ளே வந்து கதிரையில் இருந்தார். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு மிடறு குடித்தால் போதும், எழும்பிப் போகலாம், படகுக்கும் நேரம் இருந்தது. அவர் எழும்பவில்லை. அம்மா வீம்பை விட்டு, "இஞ்சேருங்கோ, என்ன செய்யுது?" என்று கேட்டார். அப்பா கைத்தொலைபேசியை எடுத்து, நயினாதீவிலேயே இருக்கும் இன்னொரு குருக்களை அழைத்தார். "இண்டைக்கு என்ரை பூசையை நீர்தான் பாக்கவேணும். எனக்கு வரேலாது." அந்தப் பக்கத்திலிருந்து காய்ச்சலா என்று கேட்டிருக்கவேண்டும். காய்ச்சல் என்றே சொல்லித் தப்பியிருக்கலாம், யார் வந்து தொட்டுப் பார்க்கப்போகிறார்கள்? "காய்ச்சல் இல்லை. மனம் சரியில்லை. மோட்டச்சைக்கிள் ஓடேலாது" என்றார் அப்பா.

சின்னத் தீவில் அப்படியொரு சொல் சும்மா கிடக்குமா? பின்னேரத்துக்குள் துறை முழுக்கப் பரவிவிட்டது. "ஐயா, காத்து எப்பிடி? உங்கடை மனம் எப்பிடி?" என்று படகோட்டிகள் மாதக்கணக்கில் அவரைப் பகிடி பண்ணினார்கள். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் அதற்குப் பிறகு சில காலைகளில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் போய், கொஞ்சம் நின்று, "இண்டைக்குப் பஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சந்திக்கு நடக்கத் தொடங்குவார். அந்த நாட்களில் நான் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தேன். சுவிஸ் கதையும் மெல்ல மெல்ல நின்றுபோனது. அம்மா அதை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது.

சகுனத்துக்காகத்தான் அவர் திரும்பி வந்தார் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இந்த வருடம் அவர் இருதய வருத்தத்தோடு யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் கிடந்தபோது, தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே அதைக் கேட்டேன். "சகுனமோ? சீ" என்றார். "அதுக்கு முதல்நாள் துறையிலை இறங்கித் திரும்பிப் பாக்கிறன், பாலம் கடந்து வந்தது எனக்கு ஞாபகத்திலை இல்லை. எதிரிலை என்ன வந்தது, காத்து எப்பிடி அடிச்சது, ஒண்டும் இல்லை. கொம்மாவோடை மனசுக்குள்ளை சண்டை பிடிச்சுக்கொண்டே வந்திருக்கிறன். அடுத்தநாள் நீ 'எங்கை' எண்டு கேட்டனீ. கோயிலுக்கு எண்டு சொல்லவேணும் பிள்ளை, வாயிலை வரேல்லை. எங்கை போறன் எண்டு உண்மையா எனக்குத் தெரியேல்லை. அப்பதான் பயந்தனான்."

இப்போது அந்தப் பாலத்து வீதி எவ்வளவோ திருந்திவிட்டது, உதைக்கிற மோட்டார் சைக்கிளும் அரிது, பொத்தானை அமத்தினால் ஓடுகிறது. "தூரவோ?" என்று கேட்கிறவர்களும் இல்லை. தலைக்கவசத்துக்குள் தொலைபேசியைச் செருகிக்கொண்டு பறக்கிற பெடியனிடம், "எங்கையடா நிக்கிறாய்?" என்று தாயே கேட்கிறாள், அவனும் ஓடிக்கொண்டே பதில் சொல்கிறான். எனக்கென்று ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது, வேலணையில் அலுவலகம், தினமும் அதில்தான் போகிறேன்.

பங்குனியில் ஒரு காலை அம்மா ஆசுபத்திரியிலிருந்து தொலைபேசி எடுத்தார். "கெதியா வா பிள்ளை" என்றதோடு அழுகை வந்துவிட்டது, தொடர்பு அறுந்துவிட்டது. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். எங்கே போகிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் திரும்ப உள்ளே வந்து, வீடு முழுவதும், மேசைக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே எல்லாம் ஸ்கூட்டரின் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். இறுக்கி மூடியிருந்த வலக்கைக்குள் ஏதோ குத்துகிறதே என்று பார்த்தால் திறப்பு அதற்குள் இருந்தது. "இண்டைக்குப் பஸ்" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தலைக்கவசத்தைக் கழற்றிவைத்துவிட்டுச் சந்திக்கு ஓடினேன்.

அந்தப் பஸ் நின்ற இடங்களையெல்லாம் இப்போதும் வரிசையாகச் சொல்வேன். மீன் கூடையை ஏற்ற நின்றது, யாரோ ஒருவர் மிச்சக் காசு கேட்க நின்றது, யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் பண்ணைப் பாலத்தில் முன்னால் போன உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஊர்ந்தது. நான் கட்டிலடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். உயிர் போய் இருபது நிமிடம் என்றார் தாதி. ஸ்கூட்டரில் வந்திருந்தால் உயிரோடு பிடித்திருப்பேன் என்பது அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது, அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எதிலை வந்தனீ?"

"பஸ்ஸிலை."

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதார். "அவளைப் பஸ்ஸிலை வரச் சொல்லு எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னவர், பிள்ளை. நான் போனிலை சொல்ல மறந்துபோனன். நீ ஸ்கூட்டரிலை வந்திடுவியோ எண்டு அந்தரப்பட்டுக்கொண்டுதான் போனவர்."