குங்குமம் குடித்த சோபா

என் தங்கையைக் கட்டிக்கொடுத்த அரியலூர் வீட்டில் யாருக்கும் தோலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கேட்க மட்டும் நன்றாகத் தெரியும். "சீர்ல சோபா வெக்கிறதுன்னா அசல் தோல்லயே வெச்சுருங்க சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அதில் குறை வந்தால் தங்கை காலத்துக்கும் பேச்சு வாங்குவாள். அதனால் அப்பாவை இழுத்துக்கொண்டு பெரம்பலூர் கடைக்கு நானே போனேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஆபீஸில் சில வருஷம் குப்பை கொட்டியவள் நான்.

கடைக்காரர் வாயைத் திறந்தாலே புளுகு. பளபளவென்று ஒன்றைக் காட்டி, "மேடம், இத்தாலி லெதருங்க. தண்ணி ஊத்துனாலும் ஒட்டாது" என்றார். குனிந்து அடி ஓரத்தைப் புரட்டினேன். பின்பக்கம் வலைத்துணி.

"எந்த ஊர் மாடுங்க துணி நெய்யுது?" என்றேன். மனுஷன் வெட்கப்படவே இல்லை. தோல் தூளைப் பசை போட்டு ஒட்டிய அடுத்த சரக்குக்குத் தாவிவிட்டார். இரண்டு கோடை தாண்டினால் செதில் செதிலாக உரியும் குப்பை அது.

கடைசியில் மூலையில் பளபளப்பில்லாமல் ஒன்று கிடந்தது. மேலே மயிர்க்கால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருந்தன. அடியில் நார் நாராகச் சொரசொரப்பு. விரலை நனைத்து வைத்தேன். ஈரம் உள்ளே இறங்கிக் கறுத்தது. அசல்.

"கீறலு இருக்கேம்மா?" என்று அப்பா தயங்கினார்.

"மாடு உசுரோட திரிஞ்சதுக்கு அதாம்பா சாட்சி" என்று சொல்லி அதையே வாங்கவைத்தேன்.

கல்யாணத்தன்று சீர் இறங்கியதும் வழக்கப்படி பீரோ, கட்டில், பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் குழைத்த சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். "சோபாவுக்கு வேணாங்க" என்று நான் ஓடுவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா தாராளமாக அப்பிவிட்டார். தோல் குடித்துவிட்டது. ஈரத்துணியால் வேறு தேய்த்தார். கறை உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது.

"அய்யய்ய, கறை புடிக்குது பாருங்க! டூப்ளிகேட்டு! என் தங்கச்சி வூட்டு சோபாவுல தொடச்சா கண்ணாடியாட்டம் இருக்கும்."

துடைத்தால் கண்ணாடியாட்டம் இருக்கிறதென்றால் அவர் தங்கச்சி வீட்டில் கிடப்பது வெறும் ரெக்சின். நல்ல தோல் ஈரத்தை இழுக்கும் என்று விளக்க ஆரம்பித்தேன். "படிச்ச புள்ள, நல்லா பேசுது" என்று ஒருவர் சிரிக்க, சபையே சேர்ந்து சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை மாலையோடு தலை குனிந்துகொண்டாள்.

மறுவாரமே அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு ரெக்சின் சோபாவைக் கொண்டுபோய் இறக்கினார். சம்பந்தி அம்மையார் குங்குமம் வைத்தார், துடைத்தார், பூரித்தார். "இதாங்க சம்பந்தி தோலு!"

அப்பா கைகூப்பினார். "மொத தடவ ஏமாந்துட்டோம், மனசுல வெச்சுக்காதீங்க."

அம்மையார் என் பக்கம் திரும்பினார். தங்கை அவருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தாள்.

"ஆமாங்க" என்றேன். "கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்."