சேனாபதி அண்ணன் பூட்டிய கடை

நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் எங்கள் அபார்ட்மென்டில் யாரிடம் அறிமுகம் செய்துகொண்டாலும் கம்பெனி பெயர் முதலில் வரும், சொந்தப் பெயர் பிறகு வரும். சேனாபதி அண்ணன் மட்டும், "தாராபுரத்துல மளிகைக் கடை வெச்சிருந்தேனுங்க" என்று ஆரம்பிப்பார். வைத்திருந்ததுதான். அமெரிக்கா வந்த நாளிலிருந்து அவர் இன்னொருவர் கடையில் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

டாக்டரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த அவருடைய அக்கா, தம்பிக்காக அப்ளை பண்ணிய கிரீன் கார்டில் வந்தவர். கார்டு வந்து சேர்வதற்குள் அவருக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. கடையைப் பங்காளியிடம் கொடுத்துவிட்டு, மனைவி நாகமணி அக்காவையும் மகள் வான்மதியையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார். இங்கே ரூட் 46 பக்கம் ஒரு இந்தியன் ஸ்டோரில் வேலை கிடைத்தது. கல்லாப் பக்கம் போனால் முதலாளி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். இவர் பின்பக்கம் போய்விடுவார்.

நான் காங்கயம் பக்கத்துக் கிராமம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. என் படிப்புக்கு இந்த நாட்டில் ஒரு நாற்காலி காத்திருந்தது. அவர் தொழிலுக்கும் எங்கோ ஒன்று இருக்கும் என்ற எண்ணத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை அவருக்காகப் புரட்டுவேன். 1997 கோடையில் அது கிடைத்தது. அலாஸ்காவில் ஒரு ஊரின் பொதுக்கடைக்கு மேனேஜர் தேவை.

"அலாஸ்கான்னா எங்கீங்க தம்பி?"

மேப்பைக் காட்டினேன். விரலை நியூ ஜெர்சியில் வைத்து மேலே மேலே நகர்த்தினார். விரல் கனடாவைத் தாண்டியது.

"ஏனுங்க, இதுக்கு மேல ஊரு இல்லீங்களா?" என்றார் நாகமணி அக்கா சமையலறையிலிருந்து. "இருந்தா அங்கயும் போய்ப் பாருங்க."

டெலிபோனில்தான் இன்டர்வியூ. பேசியவர் கிளாரன்ஸ். அந்த ஊர்ச் சபையின் தலைவர். கணக்கு தெரியுமா, கம்ப்யூட்டர் தெரியுமா என்று எதுவும் கேட்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார். "நீ இருப்பாயா?"

அதற்குக் காரணம் இருந்தது. முன்பு வந்த மேனேஜர்கள் யாரும் தங்கவில்லை. ஒருவர் பனி விழ ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டார். இன்னொருவர் காலையில் 'Closed' என்று ஒரு தாளை ஒட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். அதனால் சபை ஒரு நிபந்தனை வைத்தது. குளிர்காலம் முழுக்கத் தனியாக இருந்து காட்ட வேண்டும். ஏப்ரலில் ஊர் கூடி முடிவு சொல்லும். சரி என்றால் கடையை ஒட்டிய வீடும் உண்டு, குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மறுபடி அரிசி மூட்டை.

அந்த ஊரின் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு நாக்கு வளையாது, அதனால் எழுதவில்லை. நோம் என்ற டவுன் வரை பெரிய விமானம். அங்கிருந்து கார் மாதிரி ஒரு குட்டி விமானம். ஊருக்கு வரும் ரோடு என்று எதுவும் கிடையாது. அரிசி, மாவு, டின் சாமான்கள், எண்ணெய் எல்லாம் கோடையில் கப்பலில் மொத்தமாக வந்து இறங்கிவிடும். மற்றதெல்லாம் விமானம் வந்தால் உண்டு. பனிப்புயல் அடித்தால் அதுவும் இல்லை. சேனாபதி அண்ணன் அங்கே போய் முதலில் வரவழைத்த வாழைப்பழம், ஓடுபாதையிலிருந்து கடைக்கு வருவதற்குள் உறைந்து, கறுத்துக் கல்லாகிவிட்டது. அடுத்த தடவை தன் ஜமுக்காளத்தை எடுத்துப்போய்ச் சுற்றிக்கொண்டு வந்தார்.

ஞாயிறுதோறும் அவரிடமிருந்து போன் வரும். நாகமணி அக்காவுக்கு டிரைவிங் வராது என்பதால் அன்று காய்கறி வாங்க நான்தான் கூட்டிப்போவேன். திரும்பி வந்து அவர்கள் வீட்டில் டீ குடிக்கும்போது போன் அடிக்கும். அக்காவும் நானும் மாறி மாறிப் பேசுவோம். அப்படித்தான் இந்தக் கதை முழுவதும் எனக்குத் தெரியும்.

"வேலையெல்லாம் பிடிபட்டுருச்சுங்க தம்பி. சனங்கதான் பிடிபடல. வாங்க, என்ன வேணும், மாவு புதுசா வந்துருக்குன்னு நானும் கூப்புடுறேன். கம்முனு நிக்கறாங்க. சித்த நேரம் நின்னு பாத்துட்டு வெளிய போயிர்றாங்க. ஒரு கேள்வி கேட்டாக்கூட பதில் இல்ல. கண்ணை அகலமாத் தொறந்து பாக்கறாங்க, அவ்வளவுதான்."

கடையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள் எல்சி. ஐம்பது வயது இருக்கும். போன மேனேஜர்கள் அத்தனை பேரையும் பார்த்தவள். அவள் இங்கிலீஷில் என்ன சொன்னாளோ தெரியாது, சேனாபதி அண்ணன் சொல்லும்போது தாராபுரத்துப் பேச்சுதான் பேசுவாள்.

"நீ ஏன் இப்பிடிக் கத்தறே?" என்றாளாம் ஒருநாள். "அவங்க குளிர் காய வர்றாங்க. உள்ள வந்ததும் பாஞ்சு புடிச்சா யாரு நிப்பா? பாக்க உடு. வேணும்னா வாங்குவாங்க."

"கேட்டாப் பதில் சொல்லலாம்ல?"

"சொல்றாங்களே. புருவத்தைத் தூக்குனா ஆமா. மூக்கைச் சுருக்குனா இல்ல. உனக்குத்தான் ஒண்ணும் தெரியல. நீ தலையை இப்பிடியும் அப்பிடியும் ஆட்டறியே, அது ஆமாவா இல்லையான்னு ஊருக்குள்ள பந்தயம் கட்டிட்டிருக்காங்க."

நாகமணி அக்கா சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. வான்மதி ஓடிவந்து, "Is Appa okay?" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடுவதை விட்டுவிட்டார். எண்ணெய் அடுப்புப் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, காப்பிப் பாத்திரம் ஒன்றையும் வைத்தார். அந்தப் பெஞ்சில் தினமும் வந்து உட்காருபவர் எல்சியின் அண்ணன் வில்பர். வயதான வேட்டைக்காரர். ஒன்றும் வாங்க மாட்டார், ஒன்றும் பேச மாட்டார். இவர் பார்த்தால் புருவத்தைத் தூக்குவார், இவரும் தூக்குவார். "எனக்குன்னு இருக்கற ஒரே கூட்டாளி அவருதானுங்க" என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தார்.

ஜனவரியில் வில்பர் இறந்துபோனார்.

எங்கள் பக்கம் கடைவீதியில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்வார்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. ஷட்டர் இறங்கிவிடும். எடுக்கிற வரைக்கும் வியாபாரம் கிடையாது. ஏன் பூட்டியிருக்கிறது என்று எழுதி ஒட்டுகிற வழக்கமும் இல்லை. எதிரே பந்தல் தெரியும், பறைச் சத்தம் கேட்கும். திறந்து வைத்திருப்பவனைத்தான் நான்கு பேர் கேட்பார்கள். வேண்டிய குடும்பத்தின் சாவு என்றால் கேட்கவே வேண்டாம்.

சேனாபதி அண்ணன் அதைத்தான் செய்தார். அடுப்பைக் குறைத்தார், விளக்கை அணைத்தார், 'Closed' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் பூட்டினார். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு எல்சி வீட்டுக்குப் போனார். வீடு நிறைய ஆட்கள். ஓரமாக உட்கார்ந்தார். ஒரு பெண் கிண்ணத்தில் மீன் சூப் கொண்டுவந்து நீட்டினாள். சாவு வீட்டில் உடல் இருக்கும்போது யாராவது சாப்பிடுவார்களா? கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். அவள் மறுபடி நீட்டவில்லை. சற்று நேரம் இருந்துவிட்டு, எங்கள் வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டார். கடைக்கு எதிரே இருந்த தன் அறைக்கு வந்து தண்ணீரைச் சுடவைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டார். அங்கே தண்ணீர் சுமந்து வர வேண்டும். இருந்தும் குடம் முழுக்க ஊற்றிவிட்டார்.

மறுநாளும் கடை திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒருவர் பனியில் ஓட்டுகிற ஸ்னோ மெஷினில் வந்து கடை வாசலில் நிறுத்தினார். தாளைப் பார்த்தார், போய்விட்டார். பிறகு இரண்டு பேர். அவர்களும் பார்த்தார்கள், திரும்பினார்கள். யாரும் இவர் கதவைத் தட்டவில்லை. மரியாதையைப் புரிந்துகொண்டார்கள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் எல்சியே வந்தாள். கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்தவள், அந்தக் குளிரில் நடந்து வந்திருந்தாள். உள்ளே வா என்றார். வரவில்லை.

"பிளேன் எப்போ?" என்றாள்.

"எந்த பிளேன்?"

"நீ போற பிளேன். பெட்டி கட்டிட்டியா?"

"நான் எங்க போறேன்?"

"கடையப் பூட்டிட்டே. சாப்பாடும் வேண்டாம்னுட்டே. சொல்லாமக் கெளம்பி வந்துட்டே. கிளாரன்ஸ் சொன்னாரு, இவனும் அவ்வளவுதான், சாவியை மட்டும் வாங்கிட்டு வான்னு."

கையை நீட்டினாள், கையுறையோடு.

"அம்மா, உங்கண்ணனுக்காகத்தானே பூட்டுனேன்" என்றார் இவர். "எங்கூர்ல அப்பிடித்தான். பெரியவரு போயிட்டா யாவாரம் பண்ண மாட்டோம்."

எல்சி நீட்டிய கையை இறக்கினாள்.

"அவனுக்குப் பொட்டி செய்யணும்" என்றாள். "பலகை உன் கடைல இருக்குது. ஆணி உன் கடைல இருக்குது. தரை இறுகிக் கெடக்குது, தீ மூட்டித்தான் குழி வெட்டணும். எண்ணெய் உன் கடைல. பக்கத்து ஊர்லருந்து சொந்தக்காரங்க வந்துட்டாங்க, அவங்களுக்கு மாவும் காப்பித்தூளும் உன் கடைல. எங்கண்ணனை நேத்துருந்து கட்டில்லயே போட்டு வெச்சிருக்கோம்."

இதையெல்லாம் சேனாபதி அண்ணன் அடுத்த ஞாயிறு போனில் சொன்னார். நாகமணி அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். நான் எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்து நின்றேன்.

அவர் செருப்பைக்கூட மாற்றாமல் ஓடியிருக்கிறார். அந்தப் பனியில் அது முட்டாள்தனம், கால்விரல் ஒன்று இன்றைக்கும் அவருக்கு மரத்தே இருக்கிறது. தாளைக் கிழித்தார், கதவைத் திறந்தார், அடுப்பைக் கூட்டினார். ஆட்கள் வந்தார்கள். பலகையை அவரே இறக்கிக்கொடுத்தார். வெளியே காற்று அடித்ததால் பின்கட்டிலேயே வைத்து அறுக்கச் சொன்னார். வில்பரின் பெட்டி அந்தக் கடையில், மாவு மூட்டைகளுக்கு நடுவில் உருவானது. கிளாரன்ஸ் அறுக்க, இவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

தாராபுரத்தில் சாவுக்குப் போய்வந்தால் குளிக்காமல் கல்லாவில் கை வைக்க மாட்டார். அன்று மரத்தூள் ஒட்டிய கையோடு காப்பித்தூள் எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருந்தார். ராத்திரியும் பூட்டவில்லை. யாரோ சூப் கொண்டுவந்தார்கள். வாங்கி, வில்பரின் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தார்.

"தொண்டைல எறங்கலீங்க தம்பி" என்றார் என்னிடம். "ஆனா மிச்சம் வெக்கல."

அடக்கம் முடிந்தது. அதற்குப் பிறகும் ஊர் பழையபடி ஆகிவிடவில்லை. கடைக்கு வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பிப்ரவரி, மார்ச் ஞாயிறுகளில் போன் சீக்கிரமே முடிந்துவிடும். நாகமணி அக்கா ஒருநாள் காரில் வரும்போது, "தம்பி, அந்த ஸ்டோர்ல மறுபடி சேத்துக்குவாங்களான்னு கேட்டு வைங்க" என்றார். நான் கேட்கவில்லை. கேட்டால் நடந்துவிடும் என்று பயம்.

ஏப்ரலில் ஊர் கூடியது, பள்ளிக்கூடத்து ஹாலில். இவரை எழுப்பி நிறுத்தினார்கள். எதிர்வரிசையில் ஒரு இளம் ஆள் கேட்டான்.

"இன்னொரு சாவு விழுந்தா என்ன பண்ணுவே?"

இவர் பேன்ட் பையில் கையை விட்டு ஒரு சாவியை எடுத்தார். போன வாரமே நோமுக்கு அனுப்பி இன்னொன்று அடித்து வாங்கியிருந்தார். கடைக்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். தாராபுரத்தில் கடை நடத்தியவரை சொந்தப் பங்காளியிடம்கூட அவர் சாவியைக் கொடுத்ததில்லை. தூங்கும்போதும் அரைஞாண் கயிற்றில்தான் கிடக்கும்.

"இது எல்சிகிட்ட இருக்கட்டும்" என்றார். "நான் பூட்டுனாலும் நீங்க தொறந்துக்கலாம்."

எல்சி எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். கிளாரன்ஸ் தலையை நிமிர்த்தி இவரைப் பார்த்து, போனில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். "இருப்பாயா?"

இவர் புருவத்தைத் தூக்கினார். கிளாரன்ஸும் தூக்கினார். அவ்வளவுதான் கூட்டம். எல்லோரும் நாற்காலியை மடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் போன் வந்தது. நாகமணி அக்கா என் கதவைத் தட்டி, "அவருதானுங்க, வாங்க" என்று கூப்பிட்டுவிட்டு ஓடினார். நான் போனபோது எல்லாவற்றையும் கேட்டு முடித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஸ்கூல் லீவு விட்டதும் நானும் புள்ளையும் கெளம்பி வந்துரட்டுங்களா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை.

"ஏனுங்க? கேக்குதுங்களா? வரட்டுங்களா?"

மறுபடி சத்தமில்லை. அக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்து, "கட்டாயிருச்சாட்ட இருக்குது" என்று ரிசீவரை நீட்டினார். நான் வாங்கிக் காதில் வைத்தேன். கட்டாகவில்லை. அவர் மூச்சு விடுவது நன்றாகக் கேட்டது.

"அக்கா, அண்ணன் லைன்லதான் இருக்காரு" என்றேன். "புருவத்தைத் தூக்கிட்டு இருக்காருன்னு நெனைக்கிறேன்."